ஆறு மாதம் என்று நான் சொன்னது

அண்ணனுக்கு ஈரலில் வந்த புற்றுநோயின் பெயரை டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அப்போது எனக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வேலையில் பதினேழு வருட சர்வீஸ். ஜவ்வாது மலையில் பதினொரு ஊர்களுக்கு நான்தான் தடுப்பூசி போடுகிறவள், கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்கிறவள், காசநோய் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறவள். இருந்தும் அந்தப் பெயரை என்னால் ஒரு மூச்சில் வாசிக்க முடியவில்லை. ஈரலுக்குள் இருக்கும் ரத்தக் குழாயின் உள்சுவரிலிருந்து முளைக்கிற கட்டி என்றார் டாக்டர். "என் சர்வீஸ்லயே இது மூணாவது கேஸ்தாம்மா" என்றார்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். எங்கள் அப்பா புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது அவர் எட்டாவது படித்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. நான் போனேன். விடுதியில் தங்கிப் படித்து, பயிற்சி முடித்து, வெள்ளைச் சேலை கட்டி மலைக்குத் திரும்பி வந்தவரை எல்லாம் அவர் உழைப்புத்தான். அதிகம் பேசமாட்டார். குடிப்பழக்கம் கிடையாது. ஊர்த் திருவிழாவில் மற்ற ஆம்பளைகள் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கும்போது அவர் டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

அந்த வருடம் மாசி மாதம், புளி மூட்டை தூக்கும்போதுதான் முதலில் சொன்னார்.

"வலது விலாவுல இன்னாமோ உக்காந்துக்குனு இருக்கிற மாதிரி கீது பாப்பா."

நான் கேஸ் மாத்திரை கொடுத்தேன். மறுபடி சொன்னார், மறுபடி கொடுத்தேன். இரண்டு மாதம் போனது. ஒருநாள் அவர் சட்டையைக் கழற்றி உதறியபோது தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தேன். ஈரல் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆனது.

முடிவு சொன்ன அன்று அண்ணனையும் அண்ணியையும் வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் டாக்டர் அறைக்குள் போனேன். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஆஸ்பத்திரி என்றால் நான் கேட்பேன், நான் வந்து சொல்வேன், அவர்கள் நம்புவார்கள்.

வெட்டி எடுக்க முடியாது என்றார் டாக்டர். மாற்று ஈரல் வைக்கலாம், அதற்குச் சென்னையில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கேட்டேன்.

"சார், நானும் இதே டிபார்ட்மென்ட்தான். மறைக்காம சொல்லுங்க. எவ்ளோ நாள்?"

"மறைக்க ஒண்ணும் இல்லம்மா. எனக்குத் தெரியலங்கறதுதான் உண்மை. இது ரொம்ப அபூர்வமான நோய். சிலருக்கு ஓடும். சிலருக்கு நடக்கும். சிலருக்கு அப்படியே உக்காந்துடும். ஸ்கேன் ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தர் சீக்கிரம் போயிடுவாரு, இன்னொருத்தர் பல வருஷம் வேலை வெட்டி பாத்துக்கிட்டு இருப்பாரு. உங்க அண்ணன் இதுல யாருன்னு இப்ப பாத்து சொல்ல முடியாது."

"சுமாரா ஒரு கணக்கு சொல்லுங்க சார். வூட்டுல வயசுப் பொண்ணு இருக்குது."

"கணக்கு சொன்னா அதையே புடிச்சிக்குவீங்க."

"சாமை அறுப்பு வரைக்குமாவது இருப்பாரா சார்?"

அவர் சமவெளிக்காரர். அது எப்போது என்று கேட்டார். கார்த்திகை, மார்கழி என்றேன். அவர் மேசைமேல் விரலை வைத்து மாதங்களை எண்ணினார்.

"ஆறு மாசம். மோசமாப் போனா அவ்வளவுதான் இருக்கும். மோசமாப் போனா. புரியுதாம்மா?"

புரிகிறது சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பி வரும்போது கண்ணமங்கலத்தில் பஸ் டீக்கு நின்றது. அண்ணன் கொய்யாப்பழம் வாங்க இறங்கினார். அண்ணி என் கையைப் பிடித்தாள்.

"இன்னா சொன்னாரு? உண்மையைச் சொல்லு."

ஜன்னல் வழியாக அண்ணன் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஆறு மாசம் அண்ணி."

ஓடும், நடக்கும், உட்காரும் என்று அவர் சொன்னதை நான் சொல்லவில்லை. 'மோசமாப் போனா' என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னதையும் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஈரல் கெட்டுப்போய் வயிறு வீங்கி, கண் மஞ்சளித்துச் செத்தவர்களை என் ஊர்களில் வரிசையாகப் பார்த்தவள் நான். டாக்டர்கள் ஆறுதலுக்காக நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள், அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. வீண் நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு பறிப்பதைவிட இதுவே நல்லது என்று நினைத்தேன். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அண்ணனே நேராகக் கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன். உழுது போட்டிருந்த கொல்லையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் பதிந்து வைப்பதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "ஆறு மாசத்துக்கு எதுக்கு பாப்பா அந்த அலைச்சல்?" என்றார். அப்புறம், "பொண்ணு கல்யாணத்தைப் பாத்துடணும்" என்றார்.

அவருக்கு ஒரே பெண். பத்தொன்பது வயது. திருவண்ணாமலையில் நர்சிங் டிப்ளமோ இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான்தான் சேர்த்துவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து எனக்கு அடுத்தபடியாக அந்தப் படிப்புக்குப் போனவள். லீவில் வந்தால் என் துணை சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுவாள். குழந்தைக்கு ஊசி போடும்போது காலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். என்னைவிடப் பொறுமையாகச் சொல்வாள்.

மாப்பிள்ளையை அண்ணி வழியில் கண்டுபிடித்தார்கள். எங்கள் மலை ஆட்கள்தான். ஒரு தலைமுறைக்கு முன்னால் படவேடு பக்கம் இறங்கிக் கரும்பு போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பையன் குட்டியானை வண்டி வைத்து லோடு அடித்துக்கொண்டிருந்தான். ஆடி கழிந்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் வைத்துவிடலாம் என்றார்கள்.

விடுதியிலிருந்து அவளைக் கூட்டிவர நான்தான் போனேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சொன்னேன். நிறைய அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்.

"படிப்பு முடிய இன்னும் ஒண்ணரை வருஷம் தான் அத்தை. அதுவரைக்கும் அப்பா இருக்க மாட்டாரா?"

"இருக்க மாட்டாரும்மா."

"நிச்சயமா?"

"டாக்டருகிட்ட நானே கேட்டேன்."

கல்யாணத்துக்கு அப்புறம் படிக்க வைக்கிறோம் என்று பையன் வீட்டில் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். அவர்கள் அப்படிச் சொன்னதும் உண்மைதான். "அப்பா பாக்கணும்னா சரி" என்றாள்.

கல்யாணத்தில் அண்ணன் புது வேட்டியில் நின்றார். வந்தவர்கள் எல்லாம் மணமக்களைப் பார்த்ததைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தார்கள். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். சில பெண்கள் பந்தலிலேயே மூக்கைச் சிந்தினார்கள். மணமகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். போட்டோ எடுக்கிறவர் அவளைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

சாமை அறுப்பு வந்தது. அண்ணன் அரிவாள் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். அரை வரிசை அறுத்துவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் ஒரு வரிசை அறுத்தார். பொங்கல் வந்தது. மாசியில் புளி உலுக்கக் கூலிக்கு ஆள் வைத்துவிட்டு, தான் கீழே நின்று பொறுக்கினார். வலி இருந்தது, மாத்திரை போட்டுக்கொண்டார். உடம்பு தேறவில்லை, இன்னும் இளைக்கவும் இல்லை.

முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். சாமி காப்பாத்திச்சு என்றார்கள். அண்ணி மொட்டை போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக ஊரில் ஒரு சங்கடம் வந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று எங்கெங்கிருந்தோ வந்து அழுதுவிட்டுப் போன சொந்தக்காரர்கள், அவரை ஜமுனாமரத்தூர் சந்தையில் விதைக்கு விலை கேட்டுக்கொண்டு நிற்கக் கண்டால் என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தார்கள். "உடம்பு எப்படி கீது?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நகர்ந்தார்கள். ஈரல் நோய் என்பதால் அவர் ரகசியமாகக் குடித்திருப்பார், இப்போது நிறுத்தியதால் தேறிவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதை அவர் காதில் போட்டவர்களும் இருந்தார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. டீக்கடைக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

ஒரு வருடம் கழித்து மறுபடி வேலூரில் ஸ்கேன் எடுத்தோம். அதே டாக்டர். படத்தைப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "அப்படியே இருக்கும்மா. நான் சொன்னேன் இல்ல, சிலருக்கு உக்காந்துடும்னு. இவரு அந்த ஆளு."

இந்தமுறை அண்ணனும் உள்ளே இருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு அது புதுச் செய்தி.

"அப்ப நான் இப்ப சாவ மாட்டேனா சார்?" என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, டாக்டர் சொன்னதைப் பற்றி அவரும் அன்றைக்குக் கேட்கவில்லை.

படவேட்டிலிருந்து சேதி நல்லதாக வரவில்லை. படிக்க வைக்கிறோம் என்றவர்கள், முதலில் கரும்பு வெட்டு முடியட்டும் என்றார்கள். அடுத்து அவள் கர்ப்பமானாள். பிறந்தது பெண் குழந்தை. மருமகன் லோடு அடித்துவிட்டு வருகிற வழியிலேயே குடித்துவிட்டு வர ஆரம்பித்தான். மாமியார் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். "சாவப்போறவருன்னு சொல்லி அவசர அவசரமா எங்க தலையில கட்டுனாங்க. இன்னிக்கும் உங்கப்பன் கல்லு மாதிரி கீறான். எல்லாம் நாடகம்." அண்ணன் மகள் போனில் என்னிடம் இதைச் சொன்னபோது குரலில் அழுகையே இல்லை. யாரோ வேறொருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அண்ணன் அவளைப் பார்க்கப் போவதையும் குறைத்துக்கொண்டார். நடமாடிக்கொண்டு அங்கே போய் நின்றால் அவளுக்கு இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகக் கிடைக்கும் என்று பயம். உயிரோடு இருப்பதற்காக ஒரு மனிதன் இப்படிக் கூனிக்குறுகி நான் பார்த்ததில்லை.

மூன்றாம் வருடம் வைகாசியில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்துவிட்டாள். இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இங்கேயே இரு" என்றார். அவ்வளவுதான். சமாதானம் பேச வந்தவர்களை வாசலோடு அனுப்பினார்.

பத்து நாள் கழித்து அவரே அவளைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். அவள் படித்த இடத்தில் பிரின்சிபால் அம்மா பொறுமையாகத்தான் பேசினார்கள். பெயர் நீக்கி நாளாகிவிட்டது, முதல் வருடத்திலிருந்து மறுபடி சேர வேண்டும், கைக்குழந்தையோடு விடுதியில் இருக்க முடியாது என்றார்கள். அண்ணன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்த அம்மா முன்னால் நின்றார். "தப்பு எங்க மேலதாங்க. பொண்ணு மேல இல்லீங்க. ஒரு வழி பண்ணுங்க." அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "என் கையில இல்லைய்யா" என்றார்கள். அவள் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் கொல்லையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது போய்ச் சொன்னேன். டாக்டர் அறையில் பேசியது எல்லாவற்றையும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஓடும், நடக்கும், உட்காரும் என்றது. மோசமாப் போனா என்றது. நான் கழித்துவிட்டுக் கொண்டுவந்த மிச்சம்.

அவர் காலடியில் கிடந்த மண்கட்டியை எடுத்து உடைத்தார்.

"அப்பவே எல்லாத்தையும் சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பே?" என்று நானே கேட்டேன்.

யோசித்துத்தான் பதில் சொன்னார். "படிப்பு முடியட்டும், அதுவரைக்கும் இருந்தா பாக்கலாம்னு சொல்லியிருப்பேன்."

பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. பலா சீசன் முடியும் சமயத்தில் ஒருநாள் காலை ஒரு பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்ததாகச் சொன்னார். "உள்ள வாண்ணா" என்றேன். வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "அண்ணி உன்னை வூட்டுக்கு வரச் சொன்னா" என்றார். அப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

நான்காம் வருடக் கடைசியில் உட்கார்ந்திருந்தது எழுந்துகொண்டது. நுரையீரலிலும் புள்ளிகள் வந்துவிட்டன. வயிற்றில் நீர் கோத்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை போளூருக்குக் கூட்டிப்போய் நீர் எடுத்துவிட்டு வருவோம். திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும் ஒவ்வொரு தடவையும் முனகுவார். இந்தமுறை எவ்வளவு நாள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் டாக்டரைக் கேட்கவில்லை. சோறு இறங்காமல் போனதும் சாமைக் கஞ்சியை வடித்து மகள்தான் ஊட்டுவாள். நீர் எடுத்த இடத்தில் கட்டு மாற்றுவது, புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, எல்லாம் அவள்தான் செய்தாள். ஒன்றரை வருடம் படித்ததைக் கை மறக்கவில்லை. நான் ஏதாவது சொல்ல வாய் திறந்தால், "தெரியும் அத்தை" என்பாள்.

தை மாதம் ஒரு காலையில், குழந்தையைப் பால்வாடியில் விட்டுவிட்டு அவள் திரும்பி வந்த சற்று நேரத்தில், அண்ணன் போய்விட்டார். டாக்டர் அறையில் நான் கேள்வி கேட்ட நாளிலிருந்து நாலரை வருடம் கழித்து.

காரியம் முடிந்த மறுநாள் நானும் அவளும் ஆற்றில் அவர் படுத்திருந்த துணிகளை அலசிக்கொண்டிருந்தோம். அவளுக்குப் போளூரில் ஒரு கிளினிக்கில் உதவியாளாக வேலை சொல்லியிருந்தேன். டோக்கன் கொடுப்பது, பிரஷர் பார்க்கும்போது பக்கத்தில் நிற்பது, அந்த மாதிரி வேலை. திங்கட்கிழமையிலிருந்து போவதாகச் சொன்னாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லும்மா."

"இத்தனை வருஷமும் எனக்குக் கோவம்தான். ஒவ்வொரு தடவை அவரு நல்லா இருக்காருன்னு போன் வரும்போதும், அப்ப எதுக்கு என்னைக் கட்டிக்குடுத்தாங்கன்னுதான் தோணும். அவரு உசுரோட இருக்காருன்னு ஒரு நாளுகூட என்னால சந்தோஷப்பட முடியல. அவருக்கு அது தெரிஞ்சிருக்கும்."

நான் கையில் இருந்த துணியைப் பிழிந்தேன். கோபம் அவர்மேல் வந்திருக்கக் கூடாது, என்மேல் வந்திருக்க வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். அண்ணனிடம் சொன்ன அந்த முழுப் பேச்சையும் அவளிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அங்கேயே, அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னேன்.

அவள் கேட்டு முடித்தாள். முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. "அப்பா சொன்னாரு அத்தை" என்றாள். "போன வருஷமே சொல்லிட்டாரு. உங்ககிட்ட இதைப் பத்திக் கேக்க வேணாம்னாரு."

பிறகு வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறினாள். நான் மிச்சத் துணிகளை அலசி முடிக்க நேரமானது. வீட்டுக்குப் போனபோது அவள் கொடியில் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள்.